கல்லா வேறு, சட்டைப்பை வேறு: பிரைவேட் லிமிடெட் தொடங்குவோருக்கு

"பிரைவேட் லிமிடெட் ஆக்கிட்டா நம்ம வீட்டு மேல எவனும் கை வைக்க முடியாது" என்ற பேச்சைத் திருப்பூர் டீக்கடையிலும் கேட்கலாம், அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் கேட்கலாம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் இந்த அத்தியாயத்தில் இடம் அதிகம். படிவம் நிரப்பும் வேலையை எப்படியும் உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

முதலில் உண்மையான பாதி. புரொப்ரைட்டராகத் தொழில் செய்யும்வரை சட்டத்துக்குக் கடையும் நீங்களும் ஒன்றுதான். நூல் கொடுத்தவருக்குப் பாக்கி விழுந்தால் அவர் வழக்குப் போட்டு உங்கள் பேரிலுள்ள வீட்டிலிருந்துகூட வசூலிக்கலாம். பார்ட்னர்ஷிப்பில் இன்னும் சிக்கல்: கூட்டாளி தொழிலுக்காக வாங்கிய கடன் முழுவதையும் உங்களிடமே வந்து கேட்க 1932ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பதிவான பிரைவேட் லிமிடெட் அப்படியல்ல. அது தனி ஆள். அதற்கென்று பான் எண், அதற்கென்று வங்கிக் கணக்கு, அதன் பேரிலேயே சொத்து, அதன் பேரிலேயே கடன். எடுத்த பங்குகளுக்கு உரிய பணத்தைக் கட்டிவிட்டால், கம்பெனியின் கடனுக்காகப் பங்குதாரரை அதற்குமேல் கேட்க முடியாது.

இதை அசைக்க முடியாதபடி நிலைநாட்டிய வழக்கு லண்டனில் தோல் பூட்ஸ் தயாரித்துவந்த ஆரன் சாலமனுடையது. 1892இல் அவர் தன் தொழிலைக் கம்பெனியாக்கினார். அன்றைய சட்டம் ஏழு பேர் கேட்டது; மனைவி, மகள், நான்கு மகன்களைச் சேர்த்துக்கொண்டார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. கம்பெனி சீக்கிரமே நொடித்தது. கம்பெனி என்பது பேருக்குத்தான், உள்ளே இருப்பது சாலமன்தான் என்ற வாதத்தைக் கீழ் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. முறைப்படி பதிவான கம்பெனி வேறு, சாலமன் வேறு. இந்திய நீதிமன்றங்களும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

எங்கே பாதுகாப்பு விட்டுப்போகிறது

கம்பெனி பேரில் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், மேலாளர் நீட்டும் காகிதக் கட்டில் இயக்குநர்களின் சொந்த ஜாமீன் பத்திரமும் இருக்கும். அதில் கையெழுத்து விழுந்த நிமிடமே, அந்தக் கடனைப் பொறுத்தவரை 'லிமிடெட்' உங்களைக் காக்காது. கம்பெனி திவாலாகி, அதன் கடனுக்கு ஒரு தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றால்கூட ஜாமீன் போட்டவரின் பொறுப்பு தானாகத் தீர்ந்துவிடாது என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டத்தில் கடன் கிடைத்தால் சொத்து அடமானமும் வெளியாள் ஜாமீனும் தேவையில்லை. வாய்விட்டுக் கேளுங்கள்; கேட்காதவருக்கு அந்தத் திட்டத்தை எடுத்துச் சொல்லும் கிளைகள் குறைவு. ஆனால் தொழில் நடத்துபவரின் சொந்த ஜாமீனை அதிலும் கேட்பார்கள்.

கையெழுத்துப் போடாமல் இருக்க முடியாது என்றால் படித்துவிட்டாவது போடுங்கள். தொகைக்கு உச்சவரம்பு எழுதியிருக்கிறதா? கடன் வரம்பை உயர்த்தும்போதெல்லாம் ஜாமீனும் சேர்ந்து உயருமா? வீட்டிலிருப்பவர்களையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா? இன்னொன்று: இயக்குநர் பதவியிலிருந்து விலகினாலும் ஜாமீன் விலகாது. வங்கியிடம் விடுவிப்புக் கடிதத்தைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

வங்கியோடு நிற்கவில்லை. பிரைவேட் கம்பெனி கட்டவேண்டிய வருமான வரியைக் கம்பெனியிடம் வசூலிக்க முடியாமல் போனால், அந்த ஆண்டில் இயக்குநராக இருந்தவரிடம் கேட்கலாம். தன் அலட்சியமோ கடமை தவறுதலோ காரணமில்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. ஜிஎஸ்டி சட்டத்தின் 89ஆம் பிரிவும் இதே போக்குதான். கம்பெனியின் காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கில் கம்பெனியோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டவரும் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் எதிரியாகக் கூண்டில் நிற்பார்கள்.

அதனால்தான் "ரெண்டாவது டைரக்டருக்கு வீட்டுக்காரம்மா பேரைப் போட்டுக்கலாம்" என்பதை விளையாட்டாகச் சொல்லாதீர்கள் என்கிறேன். பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர், இரண்டு இயக்குநர் வேண்டும் என்பது சரி. ஆனால் தொழிலில் என்ன நடக்கிறதென்றே தெரியாதவர் பேருக்கு நோட்டீஸ் வரும். துணைக்கு ஆளில்லை என்றால் ஒருநபர் கம்பெனி இருக்கிறது: ஒரே பங்குதாரர், ஒரே இயக்குநர் போதும், உங்களுக்குப் பின் யார் என்று ஒரு நாமினியைக் காட்டவேண்டும். முன்பெல்லாம் குறிப்பிட்ட அளவு வளர்ந்ததும் அதைச் சாதாரணக் கம்பெனியாக மாற்றியே ஆகவேண்டியிருந்தது. 2021 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டாயம் இல்லை.

வெளியாளிடம் முதலீடு வாங்கும் எண்ணமே இல்லாத, டிசைன், ஆலோசனை மாதிரிச் சேவைத் தொழில் செய்யும் இருவர் என்றால் என் ஓட்டு 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் எல்எல்பிக்கு (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை). விற்றுமுதல் 40 லட்சத்தையோ பங்களிப்பு 25 லட்சத்தையோ தாண்டாதவரை அந்தச் சட்டப்படி தணிக்கையும் கட்டாயமில்லை.

சிலருக்கு இது எதுவுமே வேண்டாம். 2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள தனிநபருக்கு வரி இல்லை. கம்பெனி 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுத்தாலும் சர்சார்ஜ், செஸ் சேர்த்து லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 25.17 சதவீதம் வந்துவிடும். இயக்குநர் சம்பளம் எழுதி லாபத்தைக் குறைக்கலாம்தான். ஆனால் ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் லாபம் பார்த்து, ரொக்கத்துக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்கும் மளிகைக்கடைக்காரர் வரிக்காகவோ பெருமைக்காகவோ கம்பெனி ஆக்கவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. பெரிய வாங்குபவர்களுக்குக் கடனுக்குச் சரக்கு விடுபவர், ஒரு ஆர்டர் கெட்டால் பல லட்சம் போகும் என்ற நிலையில் இருப்பவர், கூட்டாளியைச் சேர்க்கப்போகிறவர், இவர்களுக்குத்தான் கம்பெனி.

பங்குப் பிரிவினை

"மாப்ள, ஆளுக்குப் பாதி. இதுல என்னடா கணக்கு?"

"சரிங்க மச்சான்."

திருப்பூரில் இருபது பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் இருவர் இப்படிப் பேசி முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இருக்கிறது. சாதாரணத் தீர்மானம் நிறைவேறப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். ஐம்பதுக்கு ஐம்பது என்றால், மனம் ஒத்துவராத நாளில் பொதுக்கூட்டத்தில் ஆடிட்டரைக்கூட நியமிக்க முடியாது. சரி, 51க்கு 49 போட்டால்? 51 வைத்திருப்பவர் 169ஆம் பிரிவின்படி சாதாரணத் தீர்மானம் போட்டே மற்றவரை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கலாம். முறையான நோட்டீஸும், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கொடுத்தால் போதும். அதே சமயம் கம்பெனியின் பெயரை மாற்ற, அதன் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு எதிர்ப்பைப்போல் மூன்று மடங்கு ஆதரவு தேவை. ஆகவே 26 சதவீதம் கையில் இருந்தால் அதைத் தடுக்கலாம். பத்து சதவீதம் இருந்தால், அநியாயம் நடக்கிறது என்று தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுப் போடலாம். 26க்கும் 49க்கும் இடையில் அதிகாரத்தில் பெரிய வித்தியாசமில்லை, லாபப் பங்கில்தான் வித்தியாசம். இதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

மச்சான் பதினைந்து லட்சம் போடுகிறார், மாப்பிள்ளை இரண்டு லட்சம் போட்டு முழுநேரமும் உழைக்கிறார் என்றால் பணத்தின் விகிதத்தில் பங்கைப் பிரித்தால் ஆறே மாதத்தில் மாப்பிள்ளைக்குச் சலிப்பு வந்துவிடும். இருவரும் இரண்டிரண்டு லட்சம் பங்கு மூலதனமாகப் போட்டு, மீதிப் பதின்மூன்றை மச்சான் இயக்குநர் கடனாக வட்டியோடு எழுதிக்கொள்வது நல்ல வழி. பணத்துக்கு வட்டி, உழைப்புக்குச் சம்பளம், உரிமைக்குப் பங்கு என்று மூன்றும் தனித்தனியே நிற்கும். அப்படியும் பங்கு சமமாக இருந்தால், முட்டுக்கட்டை வரும்போது யார் பேச்சு செல்லும், யார் யாருடைய பங்கை எந்த மதிப்பில் வாங்கிக்கொள்வது என்பதை எழுதியே தீரவேண்டும்.

எழுதும் இடம் ஆர்ட்டிகிள்ஸ். சில ஆயிரம் ரூபாயில் கம்பெனி பதிந்து தருவதாக விளம்பரம் செய்பவர்கள் சட்டத்தோடு வரும் மாதிரி ஆர்ட்டிகிள்ஸான டேபிள் எஃப்பை அப்படியே ஏற்றிவிடுவார்கள். அதில் தப்பொன்றுமில்லை, ஆனால் உங்கள் குடும்பம் அதில் இல்லை. பங்கை விற்பதானால் முதலில் உள்ளிருப்பவருக்கே தரவேண்டும், மதிப்பை யார் போடுவது, ஒருவர் இறந்தால் அவர் வாரிசு பங்கோடு நிற்பதா இயக்குநராகவும் வருவதா, இவற்றை நான்கு பத்தியில் சேர்க்கச் சொல்லுங்கள். இறப்பு பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம்தான். ஆனால் இருவரில் ஒருவர் போய், பங்குதாரர் எண்ணிக்கை ஒன்றாகக் குறைந்த நிலையிலேயே ஆறு மாதத்துக்கு மேல் தெரிந்தே தொழிலைத் தொடர்ந்தால், அதற்குப் பிறகு கம்பெனி வாங்கும் கடனுக்கு மிஞ்சியிருப்பவர் சொந்தப் பொறுப்பு என்கிறது 3ஏ பிரிவு.

பதிவு

இது வேகமாகச் சொல்லிவிடக்கூடியது. எல்லாம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில், 2020 பிப்ரவரியிலிருந்து ஸ்பைஸ் பிளஸ் என்ற ஒரே படிவத்தில். அதன் முதல் பகுதியில் பெயர்: 1,000 ரூபாய் கட்டி இரண்டு பெயர் கேட்கலாம், ஒப்புதல் கிடைத்தால் 20 நாள் உங்களுக்காக ஒதுக்கி வைப்பார்கள். எழுத்துக்கூட்டலை மாற்றுவதால் பெயர் புதிதாகாது. ஏற்கெனவே ஒரு 'ஸ்ரீ முருகன் டெக்ஸ்டைல்ஸ்' இருந்தால் 'ஷ்ரீ முருகன் டெக்ஸ்டைல்' கிடைக்காது. வர்த்தக முத்திரைப் பதிவேட்டையும் ஒருமுறை தேடிவிடுங்கள். இரண்டாம் பகுதியில் மற்ற விவரங்கள், மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ். இயக்குநர் எண், பான், டான் எல்லாம் இதிலேயே வந்துவிடும். ஜிஎஸ்டி எண்ணும் வங்கிக் கணக்கும் கேட்டால் இணைப்புப் படிவத்தில் கிடைக்கும். பரிசீலிப்பது ஹரியானாவில் மானேசரில் உள்ள மையம்.

நம்மவர்களின் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நம் ஊருக்கே உரிய இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இனிஷியல். ஆதாரில் 'கே. முருகேசன்', பானில் 'முருகேசன் கந்தசாமி', வங்கிப் புத்தகத்தில் 'முருகேசன் கே'. பெண்களுக்கு இன்னும் மோசம்: பானில் அப்பா பெயர், ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு வந்த கணவர் பெயர். டிஜிட்டல் கையெழுத்து வாங்கும்போதே இது முட்டும். பெயர் ஒதுக்கீட்டின் 20 நாள் ஓடத் தொடங்குமுன் பானையும் ஆதாரையும் ஒன்றாக்கிவிடுங்கள். இரண்டு, கரன்ட் பில். பதிவு அலுவலக முகவரிக்கு இரண்டு மாதத்துக்கு மேற்படாத பில்லும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். வீடு உங்கள் அப்பா பேரில் இருக்கும். மின் இணைப்போ தாத்தா காலமாகி வெகுகாலம் ஆகியும் அவர் பேரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சம்மதக் கடிதத்தில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர் என்றால் கேள்வி வரும். மின்வாரியத்தில் பெயர் மாற்றம் செய்துகொள்வதோ, சொத்து வரி ரசீதைச் சேர்த்து வைப்பதோ நல்லது.

மூலதனம் எவ்வளவு போடுவது? 2015இல் ஒரு லட்சம் என்ற குறைந்தபட்ச வரம்பை எடுத்துவிட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் வரை அமைச்சகத்துக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. முத்திரைத் தீர்வை தனி. ஆனால் செலுத்தும் மூலதனமாக எழுதும் தொகையை நிஜமாகவே போட முடியும் அளவுக்கு எழுதுங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

சான்றிதழ் வந்தபின்

சான்றிதழில் எழுத்தும் எண்ணுமாக 21 இடம் கொண்ட ஒரு நீளமான அடையாளம் இருக்கும். இனி உங்கள் லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் அது, கம்பெனி பெயர், பதிவு அலுவலக முகவரி, தொலைபேசி, மின்னஞ்சலோடு இருக்கவேண்டும். 12ஆம் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: அலுவலக வாசலில் பெயர்ப்பலகை வேண்டும், அது வட்டார மொழியின் எழுத்திலும் இருக்கவேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பலகை நம் ஊரில் சட்டப்படி போதாது. 30 நாளில் முதல் இயக்குநர் கூட்டம், அதே 30 நாளில் முதல் ஆடிட்டர் நியமனம், இரண்டு மாதத்தில் பங்குச் சான்றிதழ்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஐஎன்சி-20ஏ. பங்குப் பணம் கம்பெனிக் கணக்கில் வந்துவிட்டது என்று 180 நாளுக்குள் இயக்குநர் அறிவிக்கவேண்டும்; வங்கி அறிக்கையை இணைக்கவேண்டும். அதைச் செய்யும்வரை தொழில் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், பொறுப்பானவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000. பெருமைக்காகப் பத்து லட்சம் என்று எழுதியவர் இங்கேதான் மாட்டுகிறார். பணத்தை அவரவர் தம் சொந்தக் கணக்கிலிருந்தே அனுப்பவேண்டும். மாப்பிள்ளை பங்குக்கும் சேர்த்து மச்சானே ஜிபே செய்துவிட்டால் பிறகு விளக்கம் எழுதியே மாளாது.

கல்லாவில் கை

இதுவரை சொன்னதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்ளக்கூடியது. இனி வருவது உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது. புரொப்ரைட்டர் காலத்தில் மாலையில் கல்லாவைத் திறந்து பள்ளிக்கூட ஃபீஸுக்கு எடுத்தது உங்கள் பணம். இப்போது அதே கல்லாவில் இருப்பது கம்பெனியின் பணம். கம்பெனியிடமிருந்து உங்களுக்குப் பணம் வர வழிகள் இவ்வளவுதான்: சம்பளம், நீங்கள் கொடுத்த கடனுக்கு வட்டி, உங்கள் கட்டடத்துக்கு வாடகை, டிவிடெண்ட். வேறு பேரில் எடுத்தால் அது கடன். பத்து சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்குக் கம்பெனி கொடுக்கும் கடனை, சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுவரை டிவிடெண்ட் என்றே வருமான வரிச் சட்டம் கருதும். திருப்பிக் கட்டிவிட்டேன் என்று சொன்னாலும் வரி நிற்கும்.

பணம் உள்ளே வருவதிலும் கட்டுப்பாடு உண்டு. சம்பள நாளில் கையைக் கடித்தால் நண்பரிடம் கைமாற்று வாங்கிக் கம்பெனிக் கணக்கில் போடுவது நமக்கு இயல்பு. கம்பெனிச் சட்டத்தில் அது டெபாசிட். 73ஆம் பிரிவு பாயும். வங்கியிடம் வாங்கலாம், இன்னொரு கம்பெனியிடம் வாங்கலாம், இயக்குநரிடமோ அவர் உறவினரிடமோ வாங்கலாம். அதுவும் தாம் வேறிடத்தில் கடன் வாங்கித் தரும் பணமல்ல என்று அவர்கள் எழுதித் தரவேண்டும். உறவினர் என்றால் யார் யார் என்றும் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது: கணவன் மனைவி, பெற்றோர், மகன், மகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தோர் எல்லாம் உண்டு. மாமனாரும் மச்சானும் இல்லை! மாமனார் உதவ வந்தால் உங்கள் மனைவிக்குக் கொடையாகவோ உங்களுக்குக் கொடையாகவோ தரட்டும். அதை நீங்கள் உங்கள் பணமாகக் கம்பெனிக்குக் கொடுங்கள். யாரிடமானாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக்கூடாது.

கையெழுத்தும் இப்படித்தான். கம்பெனி பேருக்குக் கீழே 'இயக்குநர்' என்ற ரப்பர் ஸ்டாம்புக்கு மேல் போடுங்கள். பழைய புரொப்ரைட்டர் பில் புக்கு தீரட்டும் என்று அதிலேயே எழுதிக்கொண்டிருந்தால், சரக்குக் கொடுத்தவர் பழைய முதலாளியிடமே பணம் கேட்பார், நியாயமாகவே கேட்பார்.

ஆண்டுதோறும்

விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தணிக்கை உண்டு. மார்ச் 31இல் கணக்கு முடித்து, செப்டம்பர் 30க்குள் பொதுக்கூட்டம். அதிலிருந்து 30 நாளில் நிதிநிலை அறிக்கைக்கான ஏஓசி-4 படிவம், 60 நாளில் ஆண்டு விவர அறிக்கைக்கான எம்ஜிடி-7ஏ. தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டையும் ஓராண்டு விட்டால் 73,000. மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதியிழப்பார்கள். 2017இல் நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர் பதிவேட்டிலிருந்து ஒரே வீச்சில் நீக்கப்பட்டது. ஒரு சின்ன உபாயம்: ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பதிவான கம்பெனி தன் முதல் கணக்கை அடுத்த ஆண்டு மார்ச் வரை நீட்டிக்கொள்ளலாம். டிசம்பர் கடைசியில் பதிவதானால் இரண்டு வாரம் பொறுங்கள். கம்பெனிச் சட்டப்படி ஒரு ஆண்டுத் தணிக்கை மிச்சம். வருமான வரிக் கணக்குக்கு இது பொருந்தாது.

பழைய தொழிலைக் கொண்டுவருவது

பான் மாறுவதால் ஜிஎஸ்டி, உத்யம், உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ, எல்லாம் புதிதாக வேண்டும். பழைய ஜிஎஸ்டி எண்ணில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை ஐடிசி-02 படிவம் மூலம் கொண்டுவரலாம். பழைய எண்ணை ரத்து செய்வதற்கு முன்பே அதைச் செய்யவேண்டும். இயந்திரங்களையும் இடத்தையும் கம்பெனிக்கு மாற்றினால் மூலதன ஆதாய வரி வருமா? சொத்து, கடன் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றி, அதற்கு ஈடாகப் பங்கு மட்டுமே பெற்று, பாதிக்குக் குறையாத வாக்குரிமையை ஐந்து ஆண்டு கையில் வைத்திருந்தால் வராது. நம் மச்சானும் மாப்பிள்ளையும் மாதிரிச் சமமாகப் பிரித்தவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: நான்காம் ஆண்டில் பழைய புரொப்ரைட்டர் தன் பங்குகளில் சிலவற்றை மூன்றாம் ஆளுக்கு விற்றாலே அவர் பங்கு பாதிக்குக் கீழே போய்விடும்.

தொழில் ஓடவில்லை என்றால் அப்படியே போட்டுவைக்காதீர்கள். இரண்டு நிதியாண்டு தொழில் எதுவும் நடக்காத கம்பெனி, பாக்கிப் படிவங்களையெல்லாம் தாக்கல் செய்து, கடன்களைத் தீர்த்து, 10,000 ரூபாய் கட்டி எஸ்டிகே-2 படிவத்தில் பெயர் நீக்கம் கேட்கலாம். பெயர் நீங்கிய பிறகும் பழைய கடனுக்கு இயக்குநர்களின் பொறுப்பு இருந்தபடியே தொடரும் என்கிறது 248ஆம் பிரிவு. ஈடுறுதிப் பத்திரமும் எழுதி வாங்குவார்கள். அதில் கையெழுத்துப் போடுமுன் நூல் கடைக்காரர் முதல் டெம்போக்காரர் வரை ஒவ்வொருவரிடமும் கணக்குத் தீர்ந்தது என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.